போன் ஞாபகப்படுத்தும், பேச வேண்டியது நாம்தான்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் கணக்காளர் பேசியது)



என்னைப் பேசச் சொன்னது போனில் ஞாபகக்குறிப்பு வைப்பது பற்றி. முன்னெல்லாம் கூட்டம், சந்தா, தவணை எல்லாத்துக்கும் நான்தான் வீடு வீடாகப் போவேன். ஒரு கதவைத் தட்டினால் அரை மணி நேரம் போயிடும், காபி வேற! அப்புறம் என் மகள் போனில் வழி காட்டினாள்.

வாரக் கூட்டத்துக்கு போன் அலாரமே போதும், கிழமை வைத்தால் வாராவாரம் அடிக்கும். மாதத் தவணைக்கு அது சரிவராது. கூகுள் காலண்டரில் ஒரு நிகழ்வு போட்டு, 'மாதந்தோறும்' என்று வைக்கணும். நான் 29-ந் தேதி வைத்தேன், 30-ல் தவணை என்பதால். பிப்ரவரி வந்தது. அந்த மாதம் 29 கிடையாது, போன் அடிக்கவே இல்லை. தவணை தள்ளிப்போனது. 90 நாள் தாண்டினால் வங்கி அதை வாராக்கடனாக வைத்துவிடும், அடுத்த கடன் எல்லாருக்கும் சிக்கல். நல்லவேளை, நாலு நாளில் கட்டிட்டோம். இப்போ 25-ந் தேதிக்கு மாத்திட்டேன்.

அடுத்து, உறுப்பினர்களுக்கு எஸ்.எம்.எஸ். கூகுள் மெசேஜஸ் செயலியில் செய்தியை எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால், என்றைக்கு, எத்தனை மணிக்குப் போகணும் என்று கேட்கும். அந்த நேரத்துக்கு நம்ம போன் ஆனில் இருக்கணும், நெட்டும் இருக்கணும். நான் ஒரே நாளில் உட்கார்ந்து மூணு மாதத்துக்கும் எல்லாருக்கும் எழுதி வைத்துவிட்டேன். பெருமையாக இருந்தது.

இரண்டாவது மாதம், எங்கள் குழுவில் ஒரு தங்கச்சியின் வீட்டுக்காரர் இறந்துபோனார். நாங்கள் எல்லாரும் போனோம், அழுதோம், சமைத்துக் கொடுத்தோம். எட்டாம் நாள் காலை ஏழு மணிக்கு என் போனிலிருந்து அவளுக்குச் செய்தி போயிருக்கிறது: 'உங்கள் தவணை பாக்கி உள்ளது. உடனே கட்டவும்.' எழுதி வைத்ததே எனக்கு மறந்துபோச்சு. அடுத்த கூட்டத்துக்கு அவள் வரலை. அதுக்கடுத்த கூட்டத்துக்கும் வரலை.

நேரில் போனேன். 'அக்கா, நீங்க கேட்டதில் தப்பில்லை. ஆனா எட்டு நாள்கூட ஆகலையே' என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரலை. மன்னிப்புக் கேட்டேன். அந்த மாதத் தவணையைக் குழுச் சேமிப்பிலிருந்து கட்டினோம், தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். இப்போ அவள் கூட்டத்துக்கு வருகிறாள், உள்கடனாக அதைத் திருப்பிக் கட்டியும் வருகிறாள்.

அதிலிருந்து ஞாபகக்குறிப்பு எனக்கு மட்டும்தான் அடிக்கும். அடித்ததும் கணக்கைப் பார்த்து, யாருக்கு எழுதணும், யார் வீட்டுக்குப் போகணும் என்று நானே முடிவு பண்றேன். பாக்கிக்காரர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடுவதே இல்லை. அங்கே கூட்டம் எப்போ, எங்கே என்பது மட்டும்தான்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். போனில் சார்ஜ் இருக்கிறவங்க வாங்க, காலண்டர் போட்டுத் தர்றேன்.