சங்கிலியின் உட்பக்கம்



எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் 6-ஆம் அதிகாரத்தில் எதிர்நோக்கை நங்கூரத்துக்கு ஒப்பிடுகிறது. உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில் முதல் கிறிஸ்தவர்கள் பொறித்துவைத்த அடையாளமும் அதுவே. நம் கடற்கரையில் நங்கூரம் வெறும் அடையாளமல்ல. தங்குகடலுக்குப் போகும் நம் பிள்ளைகள் அதை நம்பித்தான் படகில் கண் அயர்கிறார்கள்.

ஆனால் நங்கூரம் தனியாக எதையும் பிடிக்காது. இழுவை தரையோடு தரையாக வந்தால்தான் அதன் கொக்கி மண்ணில் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே சில மீட்டர் சங்கிலி. அதன் கனம் இழுவையைத் தாழ்த்தி வைக்கிறது. பாரில் உரசினால் நைலான் கயிறு அறுந்துபோகும், சங்கிலி தாங்கும். 10 மீட்டர் ஆழத்துக்கு 50 மீட்டராவது விட வேண்டும், காற்று வலுத்தால் இன்னும் கூடுதலாக. கயிற்றில் சிக்கனம் பார்ப்பது நல்ல சிக்கனமல்ல.

சங்கிலியும் நங்கூரமும் சேரும் இடத்தில் ஷேக்கிள். அலையின் ஆட்டத்தில் அதன் ஆணி தானாகவே கழன்றுவிடும். கம்பி கோத்து முறுக்கிக் கட்டவேண்டும். எவர்சில்வர் ஷேக்கிள் பளபளக்கும். ஆனால் துத்தநாகம் பூசிய சங்கிலியோடு அதைச் சேர்த்தால், உப்புநீரில் சங்கிலியின் பூச்சுத்தான் சீக்கிரம் அரித்துப்போகும்.

வெளித்துருவைக் கண்டு பயப்படுகிறோம். தேய்மானமோ உள்ளே, கண்ணியோடு கண்ணி உரசும் இடத்தில். சங்கிலியைத் தளர்த்திப் பிடித்து, ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தால்தான் தெரியும்.

நம் நங்கூரம் ஆண்டவர். அவர் பக்கம் பழுதில்லை. நாம் தேய்வதும் ஒருவரோடு ஒருவர் உரசும் இடத்தில்தான்: கணவன் மனைவி பேசாமல் கழித்த வாரங்கள், பங்குப் பிரிவினைக்குப் பின் முகம் பார்க்காத அண்ணன் தம்பி. திருவிழாவுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது இது கண்ணில் படாது. நங்கூரம் உறுதியாக நிற்கும்போதே ஆட்கள் கழன்றுபோக முடியும்.

திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தில் அப்படித்தான் நடந்தது. மால்தா தீவருகே புயல் இரவில் கப்பலின் பின்பக்கம் நான்கு நங்கூரங்களைப் போட்டார்கள். அவை பிடித்தன. மாலுமிகளோ, முன்பக்கமும் நங்கூரம் போடப்போவதாகச் சொல்லிச் சிறு படகை இறக்கித் தப்பப் பார்த்தார்கள். இவர்கள் போனால் மற்றவர்கள் பிழைக்கமாட்டார்கள் என்றார் பவுல். படைவீரர்கள் அந்தப் படகின் கயிற்றை வெட்டிவிட்டார்கள். பொழுது விடியும் வேளையில், பல நாள் பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடும்படி அவர் வற்புறுத்தினார்; தாமே முதலில் அப்பத்தைப் பிட்டார். 276 பேர், ஓடப் பார்த்தவர்களும் சேர்த்து, ஒன்றாகப் பசியாறினார்கள்.