முதல் தடவை தீம் பார்க்

(நமது குர்லா கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாக நம் கிளையின் குடும்பச் சுற்றுலா என்றால் ஷீரடி, நாசிக், மிஞ்சினால் மஹாபலேஷ்வர். இந்த வருஷம் குழந்தைகளின் நச்சரிப்பு தாங்காமல் கமிட்டி கோபோலி பக்கம் உள்ள இமேஜிகா தீம் பார்க் என்று தீர்மானித்துவிட்டது. இரண்டு பகல், ஓர் இரவு. 34 வருஷம் ரயில்வேயில் டைம் டேபிளோடு மல்லாடியவன் என்பதால் ஏற்பாடு முழுவதும் என் தலையில் விழுந்திருக்கிறது. இதுவரை 41 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 8 பேர், 70 வயதைத் தாண்டியவர்கள் 9 பேர். இந்த 9 பேரைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்திருக்கிறேன். அவர்களை அழைத்துப் போகவேண்டாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. லிஸ்ட் வரும் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அதற்குள் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாமி, வயது 78, தாமே ஃபோன் செய்து பெயர் கொடுத்தார். மறுநாள் அவர் பிள்ளை கூப்பிட்டார். "மாமா, அம்மா பேரை அடிச்சுடுங்கோ. முட்டிவலி, பிரஷர் எல்லாம் இருக்கு. அங்கே வந்து என்ன பண்ணப்போறா? பெஞ்சில உக்காந்து பையைப் பார்த்துக்கணும், அவ்வளவுதான்" என்றார். அவர் கவலை நியாயமானது. அம்மாவின் மேல் உள்ள அக்கறைதான். ஆனால் 'பெஞ்ச்' என்று அவர் சொன்னதும் எனக்கு வேறொரு பெஞ்ச் ஞாபகம் வந்தது.

வால்ட் டிஸ்னி என்ற பெயரை அறியாதவர் இங்கே இல்லை. அவர் சனிக்கிழமைகளில் தம் இரண்டு பெண் குழந்தைகளை லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கிரிஃபித் பார்க்குக்கு அழைத்துப் போவாராம். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து சந்தோஷமாக இருக்கும்படியான இடம் ஒன்று இருக்கக்கூடாதா என்று அந்த பெஞ்சில்தான் தோன்றியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதன் பலன்தான் 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் திறந்த டிஸ்னிலாண்ட். ஆக, தீம் பார்க் என்ற சமாசாரமே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை எழுப்புவதற்காக உண்டானது. நம்மவர்கள் மட்டும் அங்கே போயும் வீட்டுப் பெரியவர்களை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வருகிறோம்.

யோசித்துப் பாருங்கள். இன்று 70 தாண்டிய நம் மாமிகள் பலர் 1990களில் எஸ்ஸெல் வேர்ல்ட் பார்த்தவர்கள். 1989ல் கோராயில் திறந்து, 2022ல் மூடியும் ஆகிவிட்டது. குர்லாவிலிருந்து தாதர், அங்கே வெஸ்டர்ன் லைன் மாறி போரிவலி, பிறகு பஸ், பிறகு கடற்கழியில் படகு. புளியோதரை டப்பாவும் வாட்டர் பாட்டிலும் மாற்றுத் துணியும் தோளில் சுமந்து போய், குழந்தைகள் சுற்றிவரும் வரை பையைக் காத்தவர்கள் இவர்கள்தான். பெஞ்ச் டியூட்டியை இவர்கள் அன்றே முடித்துக் கொடுத்துவிட்டார்கள். மறுபடியும் அதே டியூட்டியைக் கொடுப்பதும் சரியல்ல, "நீங்கள் ஆத்திலேயே இருங்கோ" என்பதும் சரியல்ல.

சரி, அங்கே போனால் அவர்களுக்கு என்னதான் இருக்கிறது? 2013ல் திறந்த பார்க் இது. ஆரம்பித்தவர் அட்லாப்ஸ் மன்மோகன் ஷெட்டி. சினிமாக்காரர் கட்டியது என்பதால் உடம்பைக் குலுக்குவது பாதி என்றால், உட்கார்ந்து பார்ப்பது பாதி. 'ஐ ஃபார் இந்தியா' என்று ஒன்று. பெரிய வளைந்த திரைக்கு முன்னால் இருக்கையில் கட்டி உட்காரவைத்து, ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பதுபோல் தேசம் முழுவதையும் காட்டுகிறார்கள். கால் தரையில் படாமல் தொங்கும். உயரத்தைக் கண்டால் தலை சுற்றாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். அலிபாபா சவாரியில் வண்டியில் உட்கார்ந்து திருடர்களைப் பொம்மைத் துப்பாக்கியால் சுடவேண்டும். பேரனும் பாட்டியும் போட்டி போடலாம். குதிரை ராட்டினம் இருக்கவே இருக்கிறது. மாலையில் நடக்கும் அலங்கார ஊர்வலத்துக்கு முன்வரிசையில் நாற்காலி கிடைத்தால் போதும்.

ராஜாசாரஸ் என்ற படகுச் சவாரியைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. அது கற்பனைப் பெயர் அல்ல. குஜராத்தில் ரஹியோலி என்ற ஊரில் கிடைத்த எலும்புகளை வைத்து, 2003ல் விஞ்ஞானிகள் பெயர் சூட்டிய நிஜமான நம் ஊர் டைனோசர். நர்மதையின் பெயரும் அதில் சேர்ந்திருக்கிறது. போவதற்கு முன் தாத்தாவிடம் கதை கேட்டுக்கொண்டு போனால் சவாரி இன்னும் ருசிக்கும். துணி நனையும், அதற்குத் தயாராகப் போங்கள்.

கூடாதவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நைட்ரோ போன்ற தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டர்கள், உயரத்திலிருந்து சடாரென்று விழவைப்பவை, இவை பெரியவர்களுக்கு அறவே வேண்டாம். எனக்கே நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது, நானும் கீழேதான் நிற்பேன். 'மிஸ்டர் இந்தியா' என்ற சவாரி 1987ல் வந்த ஸ்ரீதேவி படத்தை வைத்துச் செய்தது என்பதால் ஆசையாக இருக்கும். ஆனால் இருக்கை நன்றாக ஆடும். கழுத்து எலும்புத் தேய்மானம், முதுகுவலி உள்ளவர்கள் விட்டுவிடுவது உத்தமம். நீர் விளையாட்டுப் பகுதி தனி டிக்கெட். இந்த முதல் பயணத்தில் அதை மொத்தமாகவே தவிர்க்கும்படி கமிட்டியிடம் சொல்லியிருக்கிறேன். நைலான் நீச்சல் உடை, லாக்கர், ஈரத் தலை என்று ஒரு நாளையே அது விழுங்கிவிடும்.

அந்த மாமியின் பெயரை நான் அடிக்கவில்லை. பிள்ளையிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "உங்கள் டாக்டரிடம் அம்மாவைக் காட்டுங்கள். எது போகலாம், எது கூடாது என்று அவர் எழுதிக் கொடுக்கட்டும். அவர் 'பயணமே வேண்டாம்' என்றால் நானே அடித்துவிடுகிறேன். அதுவரை நீங்களும் நானும் டாக்டர் ஆகவேண்டாம்." 70 தாண்டிய ஒன்பது பேருக்கும் இதே நிபந்தனைதான். 60 தாண்டி மனதுக்குள் 25 என்று நினைத்துக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

இப்போது தங்கும் விஷயம். காலையில் போய் இரவு திரும்பிவிடலாமே, எதற்கு ஹோட்டல் செலவு என்று சிலர் கேட்டார்கள். இளைஞர்கள் மட்டும் போவதானால் நானும் அதைத்தான் சொல்வேன். குர்லாவில் கோபோலி லோக்கல் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், செலவும் சொற்பம். நம் கணக்கு வேறு. பார்க்கில் ஒரு நாள் சுற்றினால் ஐந்தாறு கிலோமீட்டர் நடை எளிதாக ஆகிவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பெரியவர்களுக்குத் தேவை கட்டிலும் சுத்தமான பாத்ரூமும்தான். பார்க்கை ஒட்டியே 2015ல் ஹோட்டல் வந்துவிட்டது. ரிஸார்ட் என்பதன் பிரயோஜனமே இதுதான். களைத்தவர் போய்ப் படுத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஊர்வலம் பார்க்கத் திரும்பி வரலாம். எல்லோருக்கும் அங்கே ரூம் போட்டால் பர்ஸ் தாங்காது. பெரியவர்கள் 9 பேருக்கும், கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கும் அங்கே நான்கு ரூம். மற்றவர்களுக்குக் கோபோலி ஊருக்குள் சாதாரண லாட்ஜ். நான்கு ரூமின் அதிகப்படி செலவை 41 பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் விண்ணப்பம். வெளியே போய்த் திரும்பி நுழைய அனுமதி உண்டா, வீல் சேர் கிடைக்குமா, மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்பதை ஃபோனில் கேட்டு, கூடவே மெயிலிலும் பதில் வாங்கிவைக்கப் போகிறேன்.

தேதி விஷயத்தில்தான் அதிகச் சண்டை. மே மாதம் வேகும். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை கோபோலி மழையைக் கேட்கவே வேண்டாம். இடி மின்னல் என்றால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். தீபாவளி லீவு, கிறிஸ்துமஸ் வாரம் இரண்டும் கும்பல். வார நாளில் கும்பல் குறைவு என்பார்கள், ஆனால் டிசம்பரில் ஸ்கூல் பிக்னிக் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். மார்கழி பஜனையும் வைகுண்ட ஏகாதசியும் நமக்கு வேறு இருக்கின்றன. எல்லாம் கழித்தால் மிஞ்சுவது நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு புதன், வியாழன். குழந்தைகளுக்கு இரண்டு நாள் ஸ்கூல் போகும். வாத்தியார்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

டிஸ்னிலாண்டின் முதல் நாள் கதை திட்டம் போடுகிற யாரும் தெரிந்துகொள்ளவேண்டியது. அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் என்று திறந்தார்கள். போலி டிக்கெட்டோடு எதிர்பாராத கும்பல் நுழைந்துவிட்டது. கொளுத்தும் வெயில். பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் பல குடிநீர்க் குழாய்களில் தண்ணீர் இல்லை. புதிதாகப் போட்ட தாரில் பெண்களின் செருப்புக் குதி புதைந்ததாம். கோடிக்கணக்கில் செலவு செய்தவர்களுக்கே தண்ணீரும் நிழலும் சோதனையாகிவிட்டன. அதனால் என் லிஸ்டில் சவாரிகளுக்கு முன்னால் தண்ணீர், தொப்பி, மாத்திரை, பாத்ரூம் எங்கே என்பதெல்லாம் இருக்கும்.

சாப்பாடு. வெளிச் சாப்பாட்டைத் தீம் பார்க்குகளில் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். மருந்து, கைக்குழந்தை ஆகாரம் போன்றவற்றைத் தடுப்பதில்லை என்றாலும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. சர்க்கரை வியாதிக்காரர்கள் வேளை தவறக்கூடாது. வெங்காயம், பூண்டு வேண்டாம் என்பவர்கள் உள்ளே போய் நம் ஆசாரத்தையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். "ஜெயின்" என்று ஒரே வார்த்தை சொல்லுங்கள், மஹாராஷ்டிரத்தில் அது எல்லா அடுப்படிக்கும் புரியும். உருளைக்கிழங்கும் சேர்ந்து போய்விடும், பரவாயில்லை. காலைக்கு பஸ்ஸிலேயே மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. இரவுக்கு ஹோட்டலில் தயிர் சாதம் கேட்டிருக்கிறேன்.

உடை, நகை பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2018ல் ஹரியானாவில் பிஞ்சோரில் ஒரு பார்க்கில் கோ-கார்ட் சக்கரத்தில் தலைமுடி சிக்கி ஒரு பெண்மணி உயிரிழந்தார். பின்னல் கட்டாயம் கொண்டையாக வேண்டும். புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருக்க வேண்டும், துப்பட்டா ரூமிலேயே இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றையும் சவாரிக்கு முன் யாரிடமாவது கொடுங்கள். குழந்தைகளுக்கும் ஒரு எச்சரிக்கை. பெரிய சவாரிகளில் வாசலில் உயர அளவுகோல் இருக்கும், வயதைப் பார்க்கமாட்டார்கள். "எங்காத்துக் குழந்தை ஃபர்ஸ்ட் ராங்க்" என்று சிபாரிசு செய்தும் பிரயோஜனமில்லை. இன்றே வீட்டுச் சுவரில் அளந்து, எது கிடைக்கும், எது கிடைக்காது என்று சொல்லி அழைத்துவந்தால் அங்கே அழுகை மிச்சம்.

கோவில் இல்லாமல் ஒரு பிரயாணமா என்று கேட்டவர்களுக்கு. அஷ்டவிநாயக யாத்திரை போனவர்கள் எல்லோரும் இந்த பார்க் பக்கமாகத்தான் போயிருப்பீர்கள். கோபோலியிலிருந்து பாலி போகும் சாலை அது. மஹட் வரதவிநாயகர் கோபோலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். இரண்டாம் நாள் காலை ஸ்நானம் செய்து மஹட் தரிசனம், பிறகு ஊர் திரும்பல். பாலி பல்லாளேஷ்வரர் இந்தத் தடவை வேண்டாம், தூரம் அதிகம். தீம் பார்க்குக்குப் போகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, "பிள்ளையார் தரிசனத்துக்கு" என்று பக்கத்து ஃபிளாட்டில் சொல்லிக்கொள்ள விரும்பும் மாமாக்களுக்கும் இதனால் சௌகரியம்.

கடைசியாக இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரியவர்கள் 9 பேரோடும் எப்போதும் மூன்று பேர் இருக்கவேண்டும். ஆளுக்கு இரண்டு மணி நேரம் முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் நைட்ரோ தவறாது. முறைப் பட்டியலில் இன்னும் ஐந்து இடம் காலி. பஸ் புதன் காலை 7 மணிக்கு நேரு நகரிலிருந்து கிளம்பும். வாஷி, பன்வேல் வழியாக எக்ஸ்பிரஸ்வே போய், காட் ரோடு ஏறுவதற்கு முன்பே இறங்கிவிடுகிறோம். நோட்டும் பேனாவும் வாசல் பக்கத்து மேஜையில் இருக்கின்றன. காபிக்குப் போவதற்கு முன் எழுதிவிட்டுப் போங்கள்.