ஊரான் பிள்ளையை வளர்த்தவரின் பிள்ளை

(மாதாந்தத் தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா எழும்பி ஒரு கேள்வி கேட்டார். "வெளிநாடு போற பொம்பளைங்கள மட்டும் எல்லாரும் ஏசுறீங்களே, புள்ளைய விட்டுட்டுப் போனது ஒலகத்துல நாங்க மட்டுந்தானா?" என்றார். அன்றைக்கு எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக் கலைந்து விட்டோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அதற்காகத்தான் இன்றைக்கு ஒரு பழைய கதையோடு வந்திருக்கிறோம். இது புள்ளைகளை விட்டு நாட்டுக்கு வந்தவர்கள், நாட்டிலிருந்து புள்ளைகளை அனுப்பியவர்கள் கதை.

நம்ம தோட்டங்களுக்கு வந்த கிறிஸ்தவ மிஷன் 1854-ல் தொடங்கியது. நாம் இப்போது சொல்லப் போவது அதற்கும் முந்தி, யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கன் மிஷன். இந்த மலையில் தேயிலை வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முந்திய சங்கதி.

அதன் தொடக்கமே ஒரு சாவுதான். 1812-ல் ஹரியட் நியூவெல் என்ற இளம் பெண், கலியாணம் முடித்த சூட்டோடு புருசனுடன் அமெரிக்காவில் கப்பல் ஏறினார். கல்கத்தாவில் இங்கிலீஷ் கம்பெனிக்காரர் இருக்க விடவில்லை. மொரீசியஸ் தீவுக்குப் போகிற வழியில் கப்பலிலேயே பிள்ளை பிறந்து, சில நாளில் செத்துப் போனது. தீவுக்குப் போன பிறகு தாயும் இறந்தார். வயது 19. தனிமரமாக நின்ற புருசன் சாமுவேல் நியூவெல் 1813-ல் இலங்கைக்கு வந்தார், யாழ்ப்பாணத்தையும் பார்த்தார். அதன் பிறகுதான் 1816-ல் மிஷன் குடும்பங்கள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும், பறங்கியர் காலத்துப் பழைய கோயில் கட்டடங்களில் குடியேறின.

1819 யூன் மாதம் இரண்டாவது கூட்டம் பாஸ்டனில் கப்பல் ஏறியது. அதில் ஹரியட் வின்ஸ்லோவும் அவர் புருசன் மைரன் வின்ஸ்லோவும் இருந்தார்கள். டாக்டர் ஜோன் ஸ்கடர் குடும்பமும் இருந்தது. ஸ்கடருக்கு இருந்த ஒரு பெண் குழந்தை வழியில் கல்கத்தாவிலேயே போய் விட்டது. இலங்கை மண்ணை மிதிக்கும் முன்னமே ஒரு குழி வெட்டியாயிற்று என்று சொல்ல வேண்டும்.

வின்ஸ்லோ அம்மா உடுவிலில் குடியிருந்தார். அங்கே 1824-ல் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதுதான் இன்றைக்கும் இருக்கிற உடுவில் மகளிர் கல்லூரி. பொம்பளைப் புள்ளை எழுத்துப் படிப்பதை அந்தக் காலத்தில் அங்கே பலர் விரும்பவில்லை. பெற்றவர்களிடம் கெஞ்சித்தான் பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டியிருந்தது. சாப்பாடு, துணிமணி எல்லாம் மிஷன் கொடுத்தது. படித்து முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டினால் சிறு சீதனமும் கொடுத்தது. (சீதனம் என்றதும் சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், இன்றைக்கும் அதுதானே நடக்கிறது.) பிள்ளைக்குப் பணம் அனுப்புகிற அமெரிக்கக்காரரின் பேரையே சில பிள்ளைகளுக்கு வைத்து விடுவதும் உண்டு. அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. பெத்தவள் வைத்த பேரை மாத்துவதற்கு மற்றவனுக்கு என்ன உரித்து?

இதில் ஒரு விசயம் கவனிக்க வேண்டும். 1820-ல் மிஷனின் அச்சுக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். அப்போது நாட்டை ஆண்ட பார்ன்ஸ் துரை அவரைத் திருப்பி அனுப்பி விட்டார். 1833 வரைக்கும் புதிதாக ஒரு அமெரிக்கக் குடும்பமும் வர முடியவில்லை. ஆகவே இருந்த சில குடும்பங்கள்தான் எல்லா வேலையும் செய்தன. சாகிறவர் செத்தார், நோயாளி நோயாளியாகக் கிடந்தார், பள்ளிக்கூடம் மூடவில்லை. பாதிரிமார் பேர்தான் அறிக்கைகளில் வந்தது. சமையல், காய்ச்சல், பேறு, பள்ளிக்கூடம் எல்லாம் அவர்கள் பெண்சாதிமார் தலையில். சம்பளப் பட்டியலில் அந்த அம்மாமார் பேர் தனியாக இருந்ததில்லை. நம்ம வீட்டு வேலைக்குப் பேர் போடுகிறார்களா என்ன!

இப்போது பிள்ளைகள் விசயம். வின்ஸ்லோ அம்மாவின் பிள்ளைகள் உடுவிலில் பிறந்தார்கள். ஆயாமாரோடு வளருகிற பிள்ளைகள் தமிழைத்தான் முதலில் பிடிக்கும். தாய் தகப்பனுக்கு அது சந்தோசமும்தான், பயமும்தான். காய்ச்சல் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம். இங்கேயே வளர்ந்தால் பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளையாக ஆகும் என்ற யோசனை இன்னொரு பக்கம். அதனால் மிஷன் குடும்பங்கள் ஒரு வயதுக்கு மேல் பிள்ளைகளை அமெரிக்காவில் உறவுக்காரர் வீடுகளுக்கு அனுப்பி விடும். கடலில் மாதக்கணக்கான பயணம். ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருசம் ஆகும். கடிதத்தைப் படிக்கும் போது பிள்ளை சுகமா இல்லையா என்று தாய்க்குத் தெரியாது. அது பல மாதத்துக்கு முந்திய சுகம்.

வின்ஸ்லோ அம்மாவின் மகன் சார்ல்ஸும் அப்படிப் போனவன்தான். 1832-ல் நியூயோர்க்கில் இறந்து போனான். வயது 11. பக்கத்தில் தாயில்லை. தாய் உடுவிலில் ஊரார் புள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நாம் பழமொழி சொல்கிறோம். எல்லா நேரமும் அப்படி நடப்பதில்லை.

மகன் போய் எட்டு மாதம் கூட ஆகவில்லை, 1833 தையில் அந்த அம்மாவும் உடுவிலில் காலமானார். வயது 36. புருசன் மிச்சப் பிள்ளைகளை அமெரிக்காவில் சேர்த்து விட்டுத் திரும்பி வந்தார், பிறகு சென்னைக்குப் போனார். 1862-ல் 67,000-க்கு மேல் சொற்கள் கொண்ட தமிழ் அகராதியை வெளியிட்டார். தமிழ் படித்தவர்கள் வின்ஸ்லோ அகராதி என்று சொல்வது அதைத்தான். அகராதியைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பையன் பேர் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா இப்படிச் செத்த பிறகு அவருடைய தங்கச்சிமார் மூன்று பேர் அடுத்தடுத்து இதே யாழ்ப்பாணத்துக்கு மிஷன் வேலைக்கு வந்தார்கள். அக்கா போன வழியில் தங்கச்சி போவது நம்ம லயத்தில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை.

1840-ல் எலைசா அக்னியூ என்ற அம்மா உடுவிலுக்கு வந்தார். கலியாணம் முடிக்கவில்லை. 1879 வரைக்கும் அதே பள்ளிக்கூடத்தில் வேலை செய்தார். ஊருக்குத் திரும்பவே இல்லை, 1883-ல் இங்கேயே காலமானார். அவருக்கு அனுப்பி வைக்கப் பிள்ளை இல்லை. அதனால்தானோ என்னவோ 39 வருசம் நிற்க முடிந்தது.

அக்கா, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். நீங்கள் மட்டும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் விரும்பி வந்தவர்கள், பின்னால் ஒரு சங்கம் இருந்தது, பிள்ளையை ஏற்கிற சித்தி வீடு முன்னமே எழுத்தில் பேசி முடிவாகியிருக்கும். நம்ம பொம்பளைகள் கடனுக்குப் போகிறார்கள். அடகு வைத்த நகைக்குப் போகிறார்கள். 2013-ல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கிய பிறகு நாங்களும் எத்தனையோ படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். "புள்ளைய யார் பார்ப்பாங்க?" என்று கேட்டால், "ஆத்தா இருக்கு சார்" என்பார்கள். ஆத்தாவைக் கூட்டி வரச் சொல்லி ஒரு தரம் கூட நாங்கள் கேட்டதில்லை. அது எங்கள் பிழை.

அப்படி ஒரு தாய், ஆறு வருசம் குவைத்தில் இருந்து விட்டு வந்தார். மேல் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். மகள் பயந்து ஆத்தாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்து கொண்டது. கொண்டு வந்த பொம்மையை வாங்கவில்லை. அந்தத் தாய் வாசற்படியில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்தோம். யாரும் ஏசவில்லை, ஏச வேண்டிய அவசியமும் இல்லை.

வருகிற மாதம் நம்ம டிவிசனில் இரண்டு பேர் போவதாக ஏஜென்சிக்காரர் சொன்னார். இரண்டு பேரிடமும் கேட்டுக் கொள்கிறோம். சனிக்கிழமை அரைப்பேர் முடிந்ததும் ஆபீசுக்கு வாருங்கள். தனியாக வர வேண்டாம். பிள்ளையைப் பார்க்கப் போகிறவரையும் பிள்ளையையும் கூட்டிக் கொண்டு வாருங்கள். கிளினிக் அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்துப் புத்தகம் யாரிடம் இருக்கும், காசு யார் பேரில் வரும், போன் எந்த நாளில் வரும் என்பதை எழுதி மூன்று பேரும் கையெழுத்து வைப்போம். ஆத்தாவுக்குக் கையெழுத்துத் தெரியாவிட்டால் பெருவிரல் போதும்.