முனைவர் பட்டத்திற்குக் குறுக்கு வழி இல்லை



நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், மகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையையும் பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவலூர்பேட்டையிலிருந்து முதுகலை முடித்து, முனைவர் பட்டத்தை எண்ணிப் பார்க்கின்றனர். உளவியலை விரும்புவோரும் அவர்களுள் உளர். ‘வேலையை விடவேண்டா, வீட்டிலிருந்தே இணையவழியில் டாக்டர் ஆகலாம்’ என்னும் விளம்பரம் அவர்களை அழைக்கிறது. தாயின் நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துமுன் உண்மையை அறிதல் வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள், தொலைநிலையிலோ இணையவழியிலோ முனைவர் பட்டம் நடத்த இடந்தரவில்லை. உளவியலைப் பொறுத்தவரை, 2025 ஜூலை–ஆகஸ்டுப் பருவம் முதல் அவ்வழிகளில் எந்தப் பட்டத்திற்கும் மாணவரைச் சேர்க்கலாகாது என அக்குழு அறிவித்துள்ளது. அமெரிக்க உளவியல் சங்கமும் முழுவதும் இணையவழியில் நடக்கும் முனைவர் படிப்புக்கு ஏற்பளிப்பதில்லை. ஏன்? துயருற்ற மனிதரின் எதிரே அமர்ந்து, அவர் சொல்லையும் சொல்லாததையும் உணர்ந்து, ஆசிரியரின் கண்காணிப்பில் பழகவேண்டிய கல்வி அது. ஏர் பிடிக்காமல் உழவு கற்க இயலுமா?

அப்படியானால் உழைக்கும் இளைஞருக்கு வழியே இல்லையா? உண்டு. அதே விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. பணியிடத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ஆனால் பகுதிநேரம் என்பது பாதி உழைப்பு அன்று. தொடக்கப் பாடங்களுக்கு மட்டும் குறைந்தது 12 கிரெடிட் உண்டு. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்னும் திறந்தநிலைக் கல்விக் கணக்கை வைத்துப் பார்த்தாலும் 360 மணி நேரம் ஆகும். இரவுதோறும் இரண்டு மணி நேரம் படித்தால் 180 இரவுகள்! ஆய்வு அதன் பின்னரே. குறைந்த காலம் 3 ஆண்டு. மிகுந்த காலம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு.

வழிகாட்டியின் சுமையையும் விதி வரையறுக்கிறது. பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் வழிகாட்டலாகாது. ஆதலால், ‘எம் வழிகாட்டி யார்? அவரிடம் எத்தனை பேர் உளர்? எம் எழுத்தை எப்போது படித்துத் திருத்துவார்?’ என்று சேருமுன் கேளுங்கள். விடை கிடைக்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள். இணையத்தை வெறுக்கவும் வேண்டா. 2017இல் தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தில் நல்ல பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். பாடம் கேட்க அது உதவும்; வழிகாட்டிக்கு அது ஈடாகாது.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. 1920இல் மீண்டும் சென்றார், 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். இடையில் நின்றது அவருக்கு இழுக்கன்று. மீண்டும் சென்றதே பெருமை. வறுமையால் படிப்பை நிறுத்திய நம் பிள்ளைகள் இதனை நினைவிற் கொள்க.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஓரறை வீட்டில் ஆய்வு எழுத இயலாது. நமது படிப்பகத்தை இரவு 8 முதல் 10 வரை திறந்து வையுங்கள். ஒரு விளக்கும் ஒரு மேசையும் போதும். அந்த 180 இரவுகளை நம் பிள்ளைகள் தாமே கடப்பர்.