பாடகனுக்கு இரண்டு சர்க்கார்

(எம்.கே.பி. நகர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பாட்டுப் பாடியதற்காகத் தண்டனை அனுபவித்தவர்களைப் பற்றியதாகும். "வயிற்றுப்பாட்டுக்கே வழியைக் காணோம், இதில் பாட்டுக்காரனைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நீங்கள் குடியிருக்கும் இந்த இடத்தின் பெயரே ஒரு பாட்டுக்காரரின் பெயர்தான். எம்.கே.பி. நகர் என்று மூன்று எழுத்தாகச் சொல்லிச் சொல்லி, அது மகாகவி பாரதி நகர் என்பதே பலருக்கு மறந்து போயிருக்கும். அந்தப் பாரதியார் 1908-ல் வெள்ளைக்காரன் போலீசுக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போய்ப் பத்து வருஷம் அங்கேயே கிடந்தவர். அவர் இறந்து ஏழு வருஷமான பிறகு, 1928-ல், அவருடைய பாட்டுப் புஸ்தகங்களைச் சர்க்கார் பறிமுதல் செய்தது. பீரங்கியும் கப்பலும் வைத்திருந்த சாம்ராஜ்யம், இறந்து போனவரின் பாட்டுக்குப் பயந்தது என்றால், பாட்டுக்கு எவ்வளவு சக்தியிருக்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

முதலில் வெளிதேசத்துக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டு நம் கதைக்கு வருகிறேன். ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கில் கத்தலோனியா என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. பார்சிலோனா அதன் தலைநகரம். அது துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த பட்டணம். ராயபுரத்துக்காரருக்கும் எண்ணூர்க்காரருக்கும் அதைப் பார்த்தால் பழகிய ஊர்போலத்தான் தோன்றும். அங்குள்ளவர்களின் தாய்பாஷை கத்தலான். 1939-ல் உள்நாட்டு யுத்தத்தில் ஜெயித்த பிராங்கோ என்ற தளபதி, 1975 நவம்பரில் சாகும்வரை சர்வாதிகாரியாக இருந்தான். பள்ளிக்கூடத்திலும் சர்க்கார் காரியங்களிலும் கத்தலான் பாஷைக்கு இடமில்லாமல் செய்தான். 1960-களில் சில வாலிபர்கள் கிதாரை எடுத்துக்கொண்டு, தாங்களே பாட்டுக் கட்டி, தாய்பாஷையிலேயே பாட ஆரம்பித்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஜுவான் மனுவேல் செர்ராத். 1968-ல் ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு ஸ்பெயின் சார்பாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். "கத்தலானில் பாடவிட்டால் பாடுகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்" என்ற நிலையில் அவர் நின்றார். சர்க்கார் வேறு ஆளைத்தான் அனுப்பியது. 1975-ல் பிராங்கோ சர்க்கார் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றதை மெக்சிகோவிலிருந்து கண்டித்தார். அதனால் உடனே ஊர் திரும்ப முடியாமல் போய்விட்டது. இன்னொருவர் லூயிஸ் லியாக். எல்லோரையும் ஒரே கட்டையில் கட்டிப் போட்டிருக்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து இழுத்தால் கட்டை விழும் என்ற கருத்தில் 1968-ல் ஒரு பாட்டுக் கட்டினார். அதைப் பாடக் கூடாது என்று தடை வந்தபோது, அவர் வாத்தியத்தை மட்டும் வாசித்தார், கூட்டம் பாடிற்று! வாய்க்குப் பூட்டுப் போடலாம். கூட்டத்தின் வாய்க்குப் பூட்டு எங்கே வாங்குவது?

பிராங்கோ செத்தான். 1976-ல் செர்ராத் ஊர் திரும்பினார். லியாக் பெரும் புகழடைந்து, 2015-ல் கத்தலோனியச் சட்டசபைக்கே அங்கத்தினரானார். சர்வாதிகாரி போனதும் பாடகனுக்கு வழி திறந்தது. கதை ஒருவாறு நேராக முடிகிறது.

தோழர்களே! நம் நாட்டுக் கதை இவ்வளவு நேராக முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இன்று நான் உங்களிடம் கேட்க வந்த கேள்வி.

சிவகாசியில் 1886-ல் பிறந்தவர் விஸ்வநாததாஸ் அவர்கள். பிற்பாடு திருமங்கலத்தில் குடியேறினார். அந்தக் காலத்தில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் வேஷம் கட்டுவார். மைக் கிடையாது. கடைசி வரிசையில் கிழிந்த பாயில் உட்கார்ந்திருக்கும் கூலிக்காரன் காதுக்கும் தன் தொண்டையாலேயே பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அவர் சேர்த்தார். 1919-ல் ஜாலியன்வாலா பாகில் ஜனங்களைச் சுட்ட கொடுமையை மேடையில் பாடினார். வள்ளி திருமணம் நாடகத்தில், தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கதையை வைத்துக்கொண்டு, வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவார். அதைக் கட்டிக் கொடுத்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். கொக்கு எது என்பது கொட்டகையில் இருந்த குழந்தைக்கும் தெரியும். வாசலில் நின்ற போலீஸ்காரனுக்கும் தெரியும். ஆனால் கொக்கைப் பாடியது குற்றம் என்று எழுதினால், "அந்தக் கொக்கு நாங்கள்தான்" என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா?

ஆனாலும் சர்க்கார் சும்மா இருக்கவில்லை. நாடகத்தைத் தடுப்பதற்கென்றே 1876-ல் ஒரு சட்டம் செய்து வைத்திருந்தது. அவர் 29 தடவை கைதானார் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். வேஷத்தோடு பிடித்துக்கொண்டு போவதும், வெளியே வந்ததும் அதே பாட்டை அவர் மறுபடி பாடுவதுமாகவே காலம் போயிற்று.

இது ஒரு சர்க்கார் செய்த கொடுமை. இன்னொரு சர்க்காரும் அவரை ஆண்டது. அதற்குக் கவர்னர் இல்லை, கச்சேரி இல்லை, எழுதின சட்டமும் இல்லை. அதன் பெயர் ஜாதி.

அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். முடி திருத்தும் தொழிலுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஜாதி. அந்த ஜாதியில் பிறந்தவரோடு மேடையில் ஜோடி சேரமாட்டோம் என்று மறுத்த நடிகைகள் உண்டு என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். இதிலுள்ள புத்தியைக் கொஞ்சம் பாருங்கள்! கத்தியோடு நிற்கிறவனிடம் தன் கழுத்தை நம்பிக் கொடுக்கிறான். அப்போது தீட்டு இல்லை. அதே மனிதன் பக்கத்தில் நின்று பாடினால் தீட்டு வந்துவிடுகிறது! முருகன் வேஷம் போட்டு வந்தால் அவனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறான். வேஷத்தைக் கலைத்துவிட்டால் தள்ளி நில் என்கிறான். அப்படியானால் இவன் கும்பிட்டது எதை? மாவுப் பவுடரையும் ஜிகினாவையும்தானே?

வெள்ளைக்காரன் "இந்தப் பாட்டைப் பாடாதே" என்றான். நம்மவன் "இந்தப் பாட்டு நன்றாயிருக்கிறது, ஆனால் நீ பாடாதே" என்றான். எது பெரிய தடை என்று நீங்களே சொல்லுங்கள். பாட்டுக்குத் தடை போட்டால் பாட்டை மாற்றலாம், கொக்கு என்று மறைத்துப் பாடலாம். பிறப்புக்குத் தடை போட்டால் எதை மாற்றுவது? எதன் பின்னால் மறைவது?

"அவர் காங்கிரஸ் பக்தர், முருகன் வேஷக்காரர். அவரைப் பற்றிப் பகுத்தறிவு மேடையில் என்ன பேச்சு?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அவருடைய கட்சியும் நம்முடையதல்ல, அவர் பாடிய புராணமும் நம்முடையதல்ல. ஆனால் அவருக்கு நேர்ந்த இழிவு நம்முடையது. அபிப்பிராயம் ஒத்தவனுக்கு மட்டும்தான் மானம் உண்டு என்றால் அது சுயமரியாதையாகாது, கட்சி மரியாதைதான் ஆகும்.

1940 டிசம்பர் 31-ந் தேதி இராத்திரி, இதே சென்னையில், ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்தது. முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் போயிற்று. அவ்வளவு பெயர் எடுத்தவர் கடனாளியாகவே செத்தார். அவர் பாட்டைக் கேட்டு உணர்ச்சி கொண்டவர்கள் மந்திரியானார்கள், தலைவரானார்கள். பாடியவருக்கு மிஞ்சியது கடன் பத்திரம்.

சரி, வெள்ளைக்காரன் 1947-ல் போனான். பிறகு என்ன நடந்தது? பாரதியார் பாட்டுகளின் உரிமையை 1949-ல் சென்னைச் சர்க்காரே வாங்கிற்று. பின்னர் அது ஜனங்களுக்குப் பொதுச் சொத்தாயிற்று. எந்தப் பாட்டைப் பறிமுதல் செய்தார்களோ அதையே சர்க்கார் வாங்கி வினியோகித்தது. மிகவும் சந்தோஷம். ஆனால் அதே சென்னையில் 1954-ல் புதிதாக ஒரு நாடகத் தடைச் சட்டம் வந்தது, எம்.ஆர்.ராதாவின் நாடகங்களே அதற்குக் குறி. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல்தான் உயர்நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. 1876-ம் வருஷத்துச் சட்டத்தை இந்தியப் பார்லிமெண்டு ரத்து செய்ததோ 2017-ல் நிறைவேறிய சட்டத்தின் மூலம். அதற்கு முன் 2015 அக்டோபரில், சாராயக் கடையை மூடு என்று பாடிய பாடகர் கோவனை, வெள்ளைக்காரன் 1870-ல் சேர்த்துவிட்டுப் போன ராஜத்துரோகப் பிரிவில் கைது செய்தார்கள். எஜமான் போய்விட்டான், அவன் விட்டுப்போன சவுக்கை மட்டும் பத்திரமாக வைத்திருந்தோம்!

ஆனாலும் எழுதின சட்டத்துக்கு ஒரு முடிவு உண்டு. வழக்குப் போடலாம், ஓட்டுப் போடலாம், ஒருநாள் ரத்து செய்யலாம். எழுதாத இரண்டாவது சர்க்காரை எந்தக் கோர்ட்டில் ரத்து செய்வது?

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ராயபுரத்திலும் பிறந்த கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டில் பாடக் கூப்பிடுவார்கள். சபாவில் பாடக் கூப்பிட மாட்டார்கள். சினிமாக்காரன் மெட்டை எடுத்துக்கொள்ளுவான். பாடினவன் பெயரைக் கேட்டால் முழிப்பான். 2018-ல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு, ஜாதியை எதிர்த்து இந்தக் கானாவையே மேடையேற்றியது. அதில் பாடிய வடசென்னைப் பெண் இசைவாணியை, 2020-ல் பி.பி.சி. உலகத்து நூறு பெண்களில் ஒருவராக எடுத்துக் காட்டியது. 2024 நவம்பரில், பெண்களின் கோயில் நுழைவைப் பற்றி அவர் 2018-ல் பாடிய பாட்டுக்காக, அவரைக் கைது செய் என்று கூச்சல்! ஆபாச ஏச்சு, மிரட்டல்! பாட்டில் குற்றம் கண்டவர்கள் பாட்டுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். அவர்கள் பதில் சொல்லவில்லை. பெண்ணைப் பார்த்து ஏசினார்கள். விஸ்வநாததாஸ் காலத்துக்கும் இதற்கும் நடுவே எத்தனை வருஷம், எத்தனை தேர்தல்? இரண்டாவது சர்க்கார் ஒரு தேர்தலிலும் தோற்கவில்லையே!

ஆகையால் நான் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது பெரிய காரியம் அல்ல. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கானா பாடுகிறவரைக் கூப்பிடுங்கள். சாவுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். வெளியூர்ப் பாட்டுக்காரருக்குக் கொடுக்கும் கூலியை இவருக்கும் குறையாமல் கொடுங்கள். பந்தியில் அதே வரிசையில் உட்கார வையுங்கள். மேளத்தைத் தொட்ட கையை நம் பிள்ளைகள் வெட்கமில்லாமல் பிடித்துக் குலுக்கட்டும். இந்த நகருக்குப் பாட்டு எழுதினவர் பெயர் இருக்கிறது. பாடினவர் பெயரும் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

பிராங்கோ சாகும்வரை அந்த ஊர்க்காரர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் இரண்டாவது சர்க்காருக்கு நாமேதான் சிப்பாய், நாமேதான் போலீஸ். நாம் வேலையை விட்டால் அது அன்றைக்கே கவிழும். யாரும் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.