யாரும் தொடாமலே திறந்த பட்டியல்



'ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா' என்றார் சங்கச் செயலாளர். பெரிய விஷயங்களைப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். வலைப் பக்கத்தில் பத்துப் பெட்டிகள் இருந்தால், நாம் தட்டும் எழுத்து எந்தப் பெட்டிக்குப் போகும்? அதைத் தீர்மானிப்பதுதான் ஃபோகஸ். பெட்டிக்கு அது வந்து சேர்ந்தால் 'ஃபோகஸ்' என்றொரு நிகழ்வு, விட்டுப் போனால் 'ப்ளர்'. அவ்வளவுதானே என்று தோன்றும்.

ஒரு மருந்தகத்தில் பில் போடும் மென்பொருள். மருந்துப் பெயர்ப் பெட்டிக்கு ஃபோகஸ் வந்ததும் மருந்துப் பட்டியல் திறக்கும். முதல் பெயர் தேர்வாகி நிற்கும். என்டர் தட்டினால் அது உள்ளே போய்விடும். இரண்டொரு முறை பில்லில் சம்பந்தமில்லாத மருந்து ஏறிவிட்டது. நல்ல வேளை, மருந்து எடுத்துக் கொடுப்பவர் மருத்துவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பிடித்துவிட்டார். ஆனால் பில் போட்ட பெண்ணுக்கு மெமோ. 'நான் அதைத் தேர்ந்தெடுக்கவே இல்லை சார்' என்று அந்தப் பெண் சொன்னதை யாரும் நம்பவில்லை. எழுதிய நிறுவனத்தாரும் 'எங்க மெஷின்ல வரலையே' என்றார்கள். நம் தொழிலிலேயே எனக்குப் பிடிக்காத வாக்கியம் அது.

என்னைக் கூப்பிட்டார்கள். நிரலை ஃபோகஸ் நிகழ்வில் நிறுத்திப் பார்க்க பிரேக்பாயின்ட் வைத்தால், நின்றவுடன் ஃபோகஸ் பிழைதேடும் ஜன்னலுக்குப் போய்விடுகிறது. பக்கத்துக்குத் திரும்பினால் இன்னொரு ஃபோகஸ் நிகழ்வு, மறுபடி நிற்கிறது. திருடனைப் பிடிக்கப் போன போலீஸே திருடன் மாதிரி ஓடுகிற கதை! க்ரோம் கருவிகளில் 'எமுலேட் எ ஃபோகஸ்டு பேஜ்' என்றொரு வசதி உண்டு. அதைப் போட்டால் பக்கம் ஃபோகஸை இழக்காதது போலவே நடந்துகொள்ளும். வேறு பிழைகளுக்கு அருமையான உதவி; இந்தப் பிழையை அது ஒளித்தே வைத்துவிடும்.

ஆகவே நிறுத்தவில்லை, எழுதி வைத்தேன். ஒவ்வொரு நிகழ்விலும் நேரம், எந்தப் பெட்டி, ஃபோகஸ் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி. தம்பிகளே, ஃபோகஸ், ப்ளர் இரண்டும் உள்ளுறுப்பிலிருந்து மேலேறி வராது. முழுப் படிவத்தையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க ஃபோகஸ்இன், ஃபோகஸ்அவுட்டைப் பிடியுங்கள். 'எங்கிருந்து' என்பதை 'ரிலேட்டட்டார்கெட்' சொல்லும்.

பிறகு அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மருந்துப் பெயரைச் சரியாகப் போட்டார். மருத்துவர் சீட்டின் படம் வேறு ஜன்னலில். ஆல்ட்-டாப் அடித்து அதைப் பார்த்தார், திரும்பினார், அடுத்த பெட்டிக்குப் போகப் பழக்கப்படி என்டர் தட்டினார். பதிவில் பார்த்தால், திரும்பிய கணத்தில் அதே பெட்டிக்கு ஒரு ஃபோகஸ். எங்கிருந்து என்ற இடத்தில் 'நல்'. ஜன்னல் மாறும்போது உலாவி ப்ளர் அனுப்புகிறது, திரும்பியதும் ஃபோகஸ் அனுப்புகிறது. இத்தனைக்கும் 'டாக்குமென்ட்.ஆக்டிவ்எலிமென்ட்' நடுவில் மாறவே இல்லை. பட்டியல் தானாகத் திறந்தது, முதல் மருந்து தயாராக நின்றது, என்டர் அதை உள்ளே தள்ளியது. அந்தப் பெண் சொன்னது அத்தனையும் நிஜம்.

எழுதியவர்கள் ஒரே திரையில், ஜன்னல் மாற்றாமலே சோதித்திருக்கிறார்கள். எப்படி வரும்?

தீர்வு ஒரு நாள் வேலைகூட இல்லை. ஃபோகஸ் வந்தால் பட்டியல் திறக்காது. எழுத்து தட்டினாலோ கீழ் அம்புக்குறியை அழுத்தினாலோதான் திறக்கும். முதல் பெயர் முன்கூட்டியே தேர்வாகாது. ஃபோகஸ் வந்த மாத்திரத்தில் சூழலை மாற்றாதே என்று 2008-இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 அணுகல் விதிகள் அடிப்படை நிலையிலேயே சொல்கின்றன. பட்டியல் திறப்பது அந்த விதிக்குள் வருமா என்று வாதாடலாம். ஆனால் திரைவாசிப்பான் வைத்துக் கணினி இயக்கும் பார்வையற்ற நண்பர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், அவர் வாதாட மாட்டார்.

பதிவின் நகலை மருந்தக நிர்வாகியிடமே கொடுத்தேன். மெமோவை எடுத்துவிடுங்கள் சார் என்றும் சொன்னேன். 'பார்க்கலாம்' என்றார். நான் அடுத்த வாரமும் போய்க் கேட்டேன், எடுத்துவிட்டார்கள்.

கேள்விகள் இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் பிடித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.