குரங்கின் குலமுறை



சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் பேட்டைக்குத் தோ பாயோ என்று பெயர். ஹாக்கியன் சீனத்தில் ‘தோ’ என்றால் பெரிய என்று பொருள். ‘பாயோ’ என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ‘பாயா’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. இன்று அங்கே சதுப்பு இல்லை. அடுக்குமாடி வீடுகள்தாம் இருக்கின்றன. ஆனால் பெயரைப் பிரித்துப் பார்த்தால் நிலம் எப்படி இருந்தது, யார் யார் அங்கே புழங்கினார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. உயிர்களின் உடம்புக்குள்ளும் இப்படிப் பிரித்துப் படிக்கக்கூடிய எழுத்து ஒன்று உண்டு. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர்.

தோ பாயோவுக்கு அருகிலேயே மெக்ரிச்சி நீர்த்தேக்கம். அதையொட்டித் தீவின் நடுவே பரந்து கிடக்கும் காட்டில் ஒரு வகைக் கருங்குரங்கு வாழ்கிறது. ராஃபிள்ஸ் பட்டைக் குரங்கு என்பார்கள். நம் தோட்டத்து லயங்களுக்கு வந்து சோற்றுப் பானையை உருட்டுகிற ‘கேரா’ அல்ல இது. மலாய்க்காரர்கள் ‘லோத்தோங்’ என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தது. உயரமான கிளைகளில் இருந்துகொண்டு இளந்தழையும் காயும் விதையும் தின்னும். உடம்பு கறுப்பு, வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ஊரில் பழைய மருந்துக் கடைகளில் கருங்குரங்கு லேகியம் என்று விற்றார்களே, அந்தப் பெயருக்குரிய குரங்கு நீலகிரிப் பக்கத்தது. அது வேறு, இது வேறு. நிறம் ஒன்றாக இருப்பதால் இனமும் ஒன்றாகிவிடாது.

சிங்கப்பூரில் கிடைத்த குரங்கை வைத்து 1838இல் மார்ட்டின் என்ற ஆங்கிலேயர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பின்னால் வந்தவர்கள், மலாயாவின் வடக்கே உள்ள ஒன்றையும் சுமத்திராவின் ரியாவ் பகுதியில் உள்ள ஒன்றையும் இதே இனத்தின் கிளைகள் என்று சேர்த்துவிட்டார்கள். அப்படிச் சேர்த்ததில் ஒரு விபரீதம் நேர்ந்தது. மூன்று இடத்துக் குரங்குகளும் ஒரே கணக்கில் ஏறியதால், இனம் பரவலாகத்தான் இருக்கிறது என்ற எண்ணம் உண்டாயிற்று. இங்கேயோ நிலைமை வேறு. புக்கிட் தீமா காட்டில் எஞ்சியிருந்த கடைசிக் குரங்கை 1987இல் நாய்கள் கடித்துக் கொன்றன.

ஐயத்தைத் தீர்க்க வேண்டுமானால் குரங்கின் டி.என்.ஏ. வேண்டும். ஆனால் அருகிப்போன விலங்கைப் பிடித்து ஊசி குத்துவது சரியல்ல. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் மரத்தடியில் விழுந்த எச்சத்தைப் பொறுக்கினார்கள். கேட்கும்போது சிரிப்பு வரலாம். குடலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த செல்கள் எச்சத்தோடு வெளிவருகின்றன. அவற்றில் குரங்கின் டி.என்.ஏ. இருக்கிறது. தின்ற தழையினுடையதும் குடற்கிருமிகளுடையதும் கூடவே கலந்திருக்கும். எல்லாவற்றையும் துண்டு துண்டாக இயந்திரத்தில் படித்து, கிழிந்த கடிதத்தை ஓரம் பார்த்து ஒட்டுவதுபோல் கணிப்பொறியால் பொருத்துகிறார்கள்.

இந்த எழுத்துக்கு நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. செல்லுக்குள் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்புக்குத் தனியாக ஒரு சிற்றேடு உண்டு. அதில் ஏறத்தாழ 16,500 எழுத்துகள். பிள்ளைகளுக்கு அது தாயிடமிருந்தே வருகிறது. அந்தக் காலத்தில் ஓலைச்சுவடியைப் பார்த்து இன்னொருவர் படியெடுப்பார். எங்கேனும் ஓர் எழுத்துப் பிழையாகும். அதைப் பார்த்து எழுதுகிறவரும் அதே பிழையை எழுதுவார். ஒரே பிழைகளைக் கொண்ட ஏடுகள் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர்கள் கண்டுகொள்வார்கள். டி.என்.ஏ.யிலும் தலைமுறைதோறும் இப்படி மாற்றங்கள் சேர்கின்றன. மாற்றம் குறைவாக இருந்தால் நெருங்கிய உறவு. மிகுதியாக இருந்தால் பிரிந்து வெகுகாலம் ஆயிற்று என்று கொள்ளலாம்.

ஆண்டி ஆங், அம்ரிதா ஸ்ரீவத்சன், ரூடால்ஃப் மையர் ஆகியோர் இந்தோனேசிய அறிஞர்களோடு சேர்ந்து, எச்சத்திலிருந்து இத்தகைய 11 சிற்றேடுகளை முழுமையாகப் படித்தார்கள். ஆசியாவின் தழையுண்ணும் குரங்குகளில் 40 இனங்களின் விவரங்களோடு ஒப்பிட்டு, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். சிங்கப்பூர்க் குரங்கு தனி இனம். ரியாவ் குரங்கு மற்றொரு தனி இனம். இதனால் ஒரே நாளில் கணக்கு மாறியது. நம் குரங்குக்கு உலகத்தில் உள்ள வீடு சிங்கப்பூரும் மலாயாவின் தென்பகுதியும் மட்டுமே. மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்று அது கருதப்பட வேண்டியதாயிற்று.

தாய்வழி ஏடு ஒன்றையே நம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். தோ பாயோவை ஒட்டி ஓடும் காலாங் ஆற்றில் நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக நீந்துவதைப் பார்க்கிறோம். சிங்கப்பூர் நீர்நாய்களில் இரண்டு இனங்களின் கலப்பு இருக்கிறது என்று 2017இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு காட்டியது. ஆகவே பல இடத்து எழுத்துகளையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

சிங்கப்பூரில் இக்குரங்குகள் ஒருகாலத்தில் பத்துப் பதினைந்தாகக் குறைந்திருந்தன. 2020 அளவில் அறுபதைத் தாண்டின. மகிழ்ச்சிதான். ஆனால் 2012இல் வந்த ஓர் ஆய்வு, இவற்றுக்குள் மரபு வேறுபாடு மிகக் குறைவு என்று கண்டது. சிறு கூட்டத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்துப் பெருகினால் அப்படித்தான் ஆகும். ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றுபோல் பாதிக்கப்படலாம். பழைய அப்பர் தாம்சன் சாலையின் குறுக்கே குரங்குகள் கடந்து போகக் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஜோகூர்க் காட்டுக்கு எந்தக் கயிற்றுப் பாலமும் எட்டாது.

மிச்சமுள்ள குரங்குகள் ஜோகூரிலும் பகாங்கிலும், பல இடங்களில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த துண்டுக் காடுகளில் இருக்கின்றன. ஆகவே தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பங்களின் கண்ணில் அவை படக்கூடும். இதன் குட்டி பிறக்கும்போது வெள்ளையாக இருக்கும். முதுகில் மட்டும் சிலுவைபோல் ஒரு கறுப்புக் கோடு. அப்படி ஒன்றைத் தாயின் வயிற்றோடு ஒட்டிக் கண்டால், எந்தக் காட்டோரம், எத்தனை குரங்குகள், என்ன தேதி என்று குறித்துவைத்து வனவிலங்கு இலாகாவுக்குத் தெரிவியுங்கள். கல்லெறிய வேண்டாம், உணவும் வைக்க வேண்டாம்.